ஐந்து ஏன்

உத்திரமேரூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய், கார் உதிரிபாகப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. பெட்டியின் மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர். அதற்குப் படிப்பு தேவையில்லை. நான் பி.காம். முடித்திருந்தேன்.

ஒரு நாள் எனக்கு எதிரே நிற்கும் பெண் லீவு. பெட்டிகள் நகர்ந்து வரும் பெல்ட்டின் அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார்கள். பெட்டிகள் படுத்த வாக்கில் வரும். வழக்கம்போல் என் கைக்கு நேராக ஒட்டிக்கொண்டே போனேன். டீ நேரத்தில் லோடு ஏற்றுகிறவர் வந்தார்.

"இன்னாம்மா, எல்லாப் பொட்டியும் சிரசாசனம் பண்ணிக்கினு கீது?"

இருநூறு பெட்டிகள். அத்தனையிலும் அம்பு தரையைக் காட்டியது.

நாங்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். தப்பு பெரிதானால் மறுநாள் பஸ்ஸில் ஏற வேண்டாம் என்று போன் வரும். போன மாதம் எங்கள் லைனில் ஒரு அக்கா இரண்டு அளவு ஸ்க்ரூக்களைக் கலந்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. நானும் அழலாம் என்று பாத்ரூம் போனேன். உள்ளே ஆள் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் திட்டவில்லை. ஒரு ஃபாரம் கொடுத்தார். நடந்த தப்புக்கு ஐந்து முறை 'ஏன்' கேட்டுப் பதில் எழுதினால் மூலகாரணம் தெரிந்துவிடுமாம். உட்கார்ந்து உள்ளதை எழுதினேன்.

மறுநாள் காலை மீட்டிங்கில் மேனேஜர் அதை எல்லோர் முன்பும் சத்தமாக வாசித்தார்.

"ஏன் தலைகீழா ஒட்டினேன்? எதிர்ப்பக்கம் நின்னதால. ஏன் எதிர்ப்பக்கம்? அங்க நிக்கிறவங்க லீவு. ஏன் லீவு? திருப்புலிவனத்துல அவங்க அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. ஏன் காதுகுத்து?" ஃபாரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "குழந்தை பிறந்ததால."

ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைத் தேடினார்.

"ஒரு ஏன் பாக்கி இருக்கேம்மா."

"அது அவங்க அக்கா வூட்டுக்காரரத்தான் கேக்கணும் சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கையை ஓவர்கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். முதலில் சிரித்தவர் மேனேஜர். பிறகு மொத்த லைனும்.

ஸ்டிக்கர்களை உரித்து மறுபடி ஒட்ட மதியம் வரை ஆனது. கேட்காமலேயே நான்கு பேர் வந்து உரித்தார்கள். பெட்டியின் மேல்பக்கம் எது என்று தெரிய பெல்ட்டின் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயின்டில் அம்பு வரைந்தார்கள். போன் வரவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் நடந்ததை நானே எழுந்து நின்று சொன்னேன். பிறர் சொன்னால் இருநூறு ஐந்நூறாகிவிடும். சிரிப்பு அடங்கியதும் முன்சீட்டிலிருந்து ஸ்க்ரூ அக்கா திரும்பினார். ஸ்க்ரூ கலந்த பேச்சை அவர் அதுவரை எடுத்ததே இல்லை.

"நீ பொட்டியத்தான் கவுத்த. நான் பண்ணது தெரியுமா? ரெண்டு ஸ்க்ரூவும் கலந்துட்சேன்னு பிரிக்க ஒக்காந்து, பிரிச்சி வச்சதையும் சேத்துக் கலந்துட்டேன்."

வாலாஜாபாத் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தார்.