அண்ணன் சொன்ன படம்

துறைமுக வாசலின் காவல் அறையில் அன்று நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: அண்ணன், நான், ஒரு சிங்கள அதிகாரி, அவருக்கும் எங்களுக்கும் நடுவே தமிழ் பேச நிறுத்தப்பட்ட ஒரு சிப்பாய். அம்மா இல்லை. அண்ணனுக்கு ஓவர்டைம் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் நான் சைக்கிளை எடுத்திருந்தேன். அண்ணனை வேலைக்குச் சேர்த்த கங்காணியும் இல்லை. எங்கள் வீட்டு வேலியோரம் வந்து, அண்ணனை வாசலில் மறித்து வைத்த செய்தியைச் சொன்னவர் அவர்தான். சொன்னதோடு சரி, எதிர்த் திசையில் போய்விட்டார்.

சண்டை நடந்த அந்த வருடங்களில், வாசலில் மறித்து வைத்த ஆளை இருட்டுவதற்குள் மீட்காவிட்டால், அடுத்த நாள் எந்த ஊரில் போய்த் தேடுவது என்று தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி.

அண்ணன் துறைமுகத்துக்குள் நாட்கூலி. வெள்ளைக்காரன் காலத்து ஸ்டோர் ஒன்றை ஒதுக்கும்போது, துருப்பிடித்த வட்டத் தகரப் பெட்டி ஒன்று அகப்பட்டிருக்கிறது. கடலில் எறியச் சொன்னார்களாம். உள்ளே பிலிம் சுருள் இருப்பதைக் கண்டு எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். வெளியே வரும்போது வாசல் சோதனையில் அது பிடிபட்டுவிட்டது. எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்தவன் நான் ஒருவன்தான். சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியராக இருந்தேன். எழுத்தோ படமோ எது கண்ணில் பட்டாலும் அண்ணன் எனக்குக் கொண்டுவருவார், மருந்துப் போத்தல் லேபிளைக்கூட.

"அண்ண, கேக்கேக்க என்னண்டு சொன்னனீங்கள்?"

"உள்ளுக்குக் கிடந்த பழைய படம் எண்டனான். வேற என்னண்டு சொல்லுறது?"

சிப்பாய் தலையாட்டினார். "படம் தானே சொன்னது. ஹாபர் படம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் தமிழ் படித்த வகுப்பில் படம் என்றால் சுவரில் தொங்கும் நாட்டுப் படம். துறைமுகத்தின் உள்வரைபடம் ஒன்று வெளியே போகிறது என்று அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கிருந்த ஆங்கிலத்தில் அதிகாரிக்கு விளக்கினேன். இது சினிமா, கையால் கீறிய கார்ட்டூன் சினிமா என்றேன். அவர் சுருளின் நுனியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு கம்பங்கள், நடுவே ஒரு கோடு, கீழே கறுப்பாக ஏதோ. அது கப்பல் அணையும் ஜெட்டிதானே என்று கேட்டார். பிறகு நுனியைக் கீழே இழுத்து, எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது, ஒரே இடத்தை ஏன் இத்தனை தரம் கீற வேண்டும் என்று கேட்டார்.

ஒரு படத்தைத் தனியாகக் காட்டினால் அது ஜெட்டிதான். ஓடினால்தான் அது வேறு. மேசையில் வாசல் அனுமதித் துண்டு எழுதும் மெல்லிய தாள் கட்டு ஒன்று கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினேன். பிலிமை யன்னல் கண்ணாடியில் வைத்து, இடையில் பல படங்களைத் தாண்டித் தாண்டி, ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒன்றாகப் பென்சிலால் ஒற்றிக் கீறத் தொடங்கினேன்.

"காலுகளை வடிவாக் கீறு தம்பி," என்றார் பின்னால் மர வாங்கில் இருந்த அண்ணன். "அதைப் பாத்துத்தான் என்னை விடப்போகினம்."

இருபது தாள்கள் கீறி முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. மூலையை மடக்கி, தாள்களைப் பெருவிரலால் மளமளவென்று விட்டேன். ஓர் ஆடு நடந்து வந்து, கொடியில் காய்ந்த காற்சட்டையை இழுத்து, முழுதாக விழுங்கியது. விழுங்கிய பிறகு அதன் வயிற்றுக்குள்ளே இரண்டு கால்கள் உதைத்தன.

அதிகாரி தாள் கட்டை வாங்கித் தானே விட்டுப் பார்த்தார். திரும்பவும் விட்டார். "எளுவா," என்றார்.

"ஆடு," என்று சிப்பாய் எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

"ஓம் சேர், ஆடுதான்," என்றார் அண்ணன், சத்தியம் செய்வதுபோல.

வாசலில் நின்றவர்களையும் அதிகாரி கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டபோதுதான் நான் கதிரையில் உட்கார்ந்தேன். தாள் கட்டை அவர் வைத்துக்கொண்டார். பெட்டியும் அண்ணனும் எங்களுக்குக் கிடைத்தார்கள். வெயில் இன்னும் இருந்தது.

தேத்தண்ணிக் கடையில் அண்ணன் மூன்று கிளாஸ் பச்சைத் தண்ணீர் குடித்தார். "இனிமேல் கிடக்கிற ஒண்டையும் எடுக்கமாட்டன்," என்றார். கடற்கரை வீதிக்குத் திரும்பும் இடத்தில் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். பிறகு கேட்டார்:

"அந்த ஆடு களிசானைத் திண்டாப் பிறகு என்ன செய்யுது?"

அதற்காகத்தான் கலியாண வீடியோ எடுக்கும் முஸ்லிம் காக்கா ஒருவரின் கடைக்குப் போனோம். அவர் பிலிமை முகர்ந்து பார்த்தார். "இது நெருப்புப் பத்துற சாமான். பல்ப்புக்குக் கிட்டக் கொண்டுபோகப்படாது." ஓரத்தைத் தடவி, சத்தம் பதிகிற கோடு இதில் இல்லை, பேசாத காலத்துப் படம் என்றார். உள்சுற்றுகள் ஒட்டிக் கட்டியாகி, தொட்டால் மாவாக உதிர்ந்தன. அதற்கு ஒன்றும் செய்ய ஏலாது. வெளிச்சுற்றுகளை மட்டும், வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில், பஞ்சால் துடைத்து, பகல் வெளிச்சத்துக்கு நேரே வைத்து, ஒவ்வொரு படமாகக் கமராவில் எடுத்தோம். இரண்டு மாரி போயிற்று. நான் தப்பாகத் துடைத்து அழித்த படங்களும் உண்டு. அந்த இடங்களில் ஆடு ஒருமுறை துள்ளும்.

மொத்தம் இரண்டு நிமிடம். கடையின் டிவியில் போட்டபோது அம்மாவும் வந்திருந்தார். ஆடு காற்சட்டையைத் தின்றது, வயிறு உதைத்தது, அந்த உதையிலேயே ஆடு கடலோரம் வரை போனது. அங்கே படம் முடிந்துவிட்டது. மிச்சம் அந்த மாவுக்குள்.

"நீந்தியிருக்கும்," என்றார் அண்ணன்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த ஆட்டுக்கோ அண்டைக்கு ஓவர்டைம்?" என்றார்.

கங்காணியின் மனைவி அன்றைக்கே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அண்ணன் வீடு வந்த பிறகு அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அம்மா விட்டுவிட்டாராம்.

காக்கா தன் வேலைக்கு ஒன்றும் வாங்கவில்லை, கசெட்டுக்கு மட்டும் நூற்று எண்பது. அன்று வாசலில் வாங்கி வைத்த அண்ணனின் துறைமுகப் பாஸ் திரும்பி வரவேயில்லை. புதிய பாஸுக்கு மூன்று படம் கேட்டார்கள், இந்த முறை அண்ணனின் முகம், அதற்கு எழுபத்தைந்து. பாஸ் வரும் வரை போன நான்கு நாள் கூலி அறுநூறு. அந்த இரண்டு நிமிடத்துக்கு எல்லாமாக எண்ணூற்று ஐம்பத்தைந்து ரூபா.