ஒட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தவர்

எங்கள் வீட்டில் பொய்ச் செய்தி பரப்பும் உரிமை இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவன் நான். இன்னொருவர் அத்தாவின், அதாவது அப்பாவின் தங்கை, ஷமீமா குப்பி. வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் நான் டியூஷனில் இருந்தபோது, இந்த இருவரிலும் சேராத அத்தா போன் செய்தார். "குப்பி மவுத்தாயிட்டாடா. வீட்டுக்கு வா." அத்தாவுக்கு விளையாடத் தெரியாது. அதனால் குப்பி இறந்துவிட்டார் என்பதை நம்ப வேண்டியதாயிற்று. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம்.

குப்பியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊருக்கு மேற்கே உள்ள பல்கலைக்கழகத்தில் முழங்கால் குருத்தெலும்பைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தார். மூட்டிவிடுவது என் வேலை, மூட்டை ஆராய்வது அவர் வேலை என்று வீட்டில் பிரித்துக்கொண்டிருந்தோம். நான் ஆறாவது படிக்கும்போது, கல்யாணம் சரிப்படாமல் ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். அழுவார் என்று தெருவே காத்திருந்தது. அவர் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தார்.

அத்தாவுக்கு நெல்பேட்டையில் கறிக்கடை. காலையில் அறுத்த ஆட்டின் முழங்கால்கள் ஐஸ் பெட்டியில் ஏறி, குப்பியின் மடியில் அமர்ந்து, பஸ்ஸில் ஆய்வுக்கூடம் போகும். ஒருநாள் கண்டக்டர் பெட்டிக்குள் என்னவென்று கேட்டிருக்கிறார். "ஆட்டு முட்டிண்ணே. எனக்கு முழு டிக்கெட்டு, இதுக்குக் கால் டிக்கெட்டு போடுங்க" என்றாராம் குப்பி. அதன்பிறகு அந்தக் கண்டக்டர் அவருக்கு ஜன்னல் சீட்டு பிடித்து வைப்பார்.

ஒரு பக்ரீத்துக்கு மறுநாள் அந்தப் பெட்டி வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. அதில் இருப்பது குர்பானி பங்குதான் என்று நினைத்து அம்மா பாயா வைத்துவிட்டார். குப்பி ஆப்பத்தோடு இரண்டு கிண்ணம் காலி செய்து, "மச்சி, இன்னைக்கு ருசி அம்புட்டு நல்லாருக்கு" என்று அண்ணியான அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தேடினார். உண்மை தெரிந்ததும் மூன்றாவது கிண்ணம் கேட்டார். ஆராய்ச்சி எப்படியும் வயிற்றுக்குள் போய்விட்டது, பாதியில் நிறுத்தக் கூடாது என்பது அவர் வாதம்.

அவர் ஆராய்ந்தது இதைத்தான். குருத்தெலும்புக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் அதில் பள்ளம் விழுந்தால் தானாக ஆறுவது அபூர்வம். பள்ளத்தில் புதுக் குருத்தெலும்பு செல்களை வைக்கலாம். வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தை ஊட்டினால் செல்கள் வளரும். ஆனால் சுற்றியுள்ள பழைய குருத்தெலும்போடு அவை ஒட்டிக்கொள்ளுமா? எந்தக் காரணி கொடுத்தால் ஒட்டும்? இதற்காக ஆட்டுக் குருத்தெலும்பில் வளையம் வெட்டி, நடுவில் செல்களை வைத்து, வாரக்கணக்கில் வளர்த்து, கடைசியில் சின்னக் கம்பியால் நடுவே தள்ளிப் பார்ப்பார். எவ்வளவு அழுத்தத்துக்குப் பிடி விடுகிறது என்று இயந்திரம் சொல்லும். "குப்பி, செல்லுக்கு சார்ஜ் போட்டாச்சா?" என்று தினமும் கேட்பேன். "உனக்குத்தான்டா போடணும், முதுகுல" என்பார்.

போன வருடம் அவர் நம்பிய காரணி செல்களை மளமளவென்று வளர்த்தது. படங்களைப் பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அத்தா அல்வா வாங்கி வந்தார். பிறகு குப்பி தள்ளிப் பார்த்தார். கம்பி பட்டதும் எல்லாமே கழன்று விழுந்தன. அன்று சாயங்காலம் அவர் அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பணியாரம் மாதிரி வந்திருச்சு மச்சி. நல்லா வெந்து, குழிய விட்டு அலுங்காம வந்திருச்சு. அடுப்படியில அது கெட்டிக்காரத்தனம். முட்டியில அது நாசம்."

உதவித்தொகை முடியப்போகும் நேரம். இன்னொரு காரணியை வைத்து முதலிலிருந்து தொடங்கினால் பட்டம் தள்ளிப்போகும், கைக்கு வரும் பணமும் நின்றுபோகும். அத்தா தங்கைக்காகத்தான் பேசினார். "வளந்துச்சுல்ல? அத மட்டும் எழுதி முடி. நீ தள்ளிப் பாத்தத யாரு கேக்கப் போறா?"

குப்பி கோபப்படவில்லை. "நீ கெட்ட கறிய அடியில வச்சு, மேல நல்ல கறியப் பரப்பி விப்பியாண்ணே?"

அத்தா எழுந்து கைகழுவப் போனார். மறுநாள் நல்ல முழங்கால்களாகப் பொறுக்கி அவரே ஐஸ் பெட்டியை அடுக்கினார்.

இரண்டாவது காரணியில் செல்கள் மெதுவாகத்தான் வளர்ந்தன. அவை வளர்ந்த ஆய்வுத் தட்டுகளை எடுத்துத் தள்ளிப் பார்க்கும் நாள் வருவதற்குள் குப்பி போய்விட்டார்.

குப்பிக்காக ஓதும் மூன்றாம் நாள் பாத்தியா முடிந்தபிறகு, அவரோடு வேலை பார்த்த கார்த்திகா அக்கா வீட்டுக்கு வந்தார். தட்டுகளை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வாரம் சோதிக்க வேண்டும், வீட்டிலிருந்து யாராவது கூட இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். அத்தாவால் போக முடியவில்லை. நான் போனேன்.

இளஞ்சிவப்புத் திரவத்தில், சட்டைப் பொத்தான் அளவில், முத்து நிறத்தில் கிடந்தன, நடுவில் செல்கள் வைத்த அந்தக் குருத்தெலும்பு வில்லைகள். கம்பி இறங்கியது. முதலாவது அசையவில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், சுற்றியிருந்த குருத்தெலும்பே விரிசல் விட்ட பிறகுதான் அது பிடியை விட்டது. அடுத்தடுத்தவையும் அப்படியே. கார்த்திகா அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசி வில்லை மட்டும் கம்பி தொட்டதும் விழுந்தது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "தம்பி, இது ஒண்ண விட்டுரலாமா? உங்க குப்பி பேர்ல வர்றது, நல்லபடியா வரட்டுமே."

என்னிடம் எப்போதும் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அன்று இல்லை. "விழுந்ததயும் எழுதுங்கக்கா. இல்லன்னா அது குப்பி செஞ்சதா இருக்காது" என்றேன்.

தலையசைத்தார். எழுதினார்.

குப்பி, நீங்கள் வைத்தவை ஒட்டியிருக்கின்றன. ஒன்று ஒட்டவில்லை. இரண்டையும் சொல்லிவிட்டோம். அல்லாஹ் உங்கள் மண்ணறையை விசாலமாக்கட்டும். அங்கே சுவர் உறுதியாக இருக்கிறதா என்று தள்ளிப் பார்க்காமல், கொஞ்சம் படுத்து ஓய்வெடுங்கள்.