பாவாவைத் தேடிப் போன பாட்டு

பாட்டு உனக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்காதவர் இல்லை. டீக்கடையில் கேட்பார்கள், சந்தையில் கேட்பார்கள். ஒரு டிக்கெட் பரிசோதகர் என்னை வண்டியிலிருந்து இறக்கிவிடுவதற்கு முன்னால் அதைக் கேட்டுவிட்டுத்தான் இறக்கிவிட்டார். முருகன் நாக்கில் எழுதினான் என்று சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அந்தப் பொய்க்கு வாய் வராது. அடுத்தவன் வீட்டு அழுகைதான் எனக்குப் பாட்டு.

எழுபதுகளில் என் பிழைப்பே அதுதான். கையில் ஒரு கஞ்சிரா, தோளில் ஒரு துணிப்பை. அரக்கோணத்தில் ஏறினால் திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா என்று பாடிக்கொண்டே போவேன். எங்காவது ஒருத்தி கிணற்றில் விழுந்தாள், கரும்பு வண்டி கவிழ்ந்து ஒருவன் போய்ச் சேர்ந்தான் என்று காதில் விழுந்தால், அந்த ஊருக்கே போய் விசாரித்துச் சிந்துப் பாட்டாகக் கட்டிவிடுவேன். எல்லாமே சாவு என்று நினைக்க வேண்டாம். மலையில் மொட்டை போட வந்த ஒரு பிள்ளை, நாவிதர் கத்தியைப் பார்த்து முருகனையே கெட்ட வார்த்தையில் திட்டியது. அதையும் பாட்டாக்கினேன். மணவூர் ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்கியபோது, பட்டாளத்துக்குப் போன மகனுக்காக, வந்த வண்டிக்கெல்லாம் எழுந்து நின்று உட்கார்ந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். அதுவும் ஒரு பாட்டு. ஆனால் ஜனத்துக்குப் பிடித்தது சாவுப் பாட்டுதான். சிரிக்க வைத்தவனுக்குக் கைதட்டு, அழ வைத்தவனுக்குத்தான் சோறு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் கட்டிய பாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடலாம். நடுவில் நீட்டலாம், முடிவைக்கூட மாற்றலாம். கேட்க ஆளில்லை. ஆனால் கடைசி அடியில் கட்டியவனுடைய ஊரைச் சொல்லியே ஆகவேண்டும். அதை விழுங்கினவனுக்குத் தொண்டை கட்டும் என்று நம்பினோம். எனக்குத் திருத்தணி. என் பாட்டுகளெல்லாம் ‘தணிகை மலையடியான் தாளமிட்டுச் சொன்ன சிந்து’ என்றுதான் முடியும். யார் பாடினாலும் அப்படித்தான் முடிய வேண்டும். இந்த வழக்கத்தால் எனக்குக் கொஞ்சம் பேர் வந்தது. என் அக்காவுக்கு வந்தது வேறு.

அக்காவை அம்மையார்குப்பத்தில் கொடுத்திருந்தோம். தறிக்காரக் குடும்பம். அக்கா புருஷன், என் பாவா, நல்ல நெசவுக்காரர். அதிகம் பேசமாட்டார். வலது காது மடல் சின்ன வயதில் கடுக்கன் மாட்டி இழுத்துக் கிழிந்தது. இடது கைச் சுண்டுவிரல் எப்போதோ முறிந்து வளைந்தே கூடியிருந்தது. ஒரு நாள் காலையில், தறியில் பாதிச் சேலை இருக்க, “திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கினு வரேன்” என்று சொல்லிப் போனார். போனவர் போனவர்தான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பிள்ளை இல்லை என்ற ஒரு குறை இருந்தது. அது அக்காவுக்கும்தானே இருந்தது.

திருப்பதி, காளஹஸ்தி, சித்தூர் என்று நானும் தேடினேன். ஆஸ்பத்திரியில் கேட்டேன், போலீஸ் ஸ்டேஷனில் கேட்டேன். கேட்ட இடத்திலெல்லாம், “வீட்ல இன்னா தகராறு?” என்றுதான் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் அக்காதான் ஒரு வழி சொன்னாள்.

“ஊர் ஊரா பாடிகினு போறியேடா, அவரையும் பாட்டுல வை. காது, வெரலு, அடையாளம் எல்லாம் சொல்லு. கேக்குறவங்க யாராவது பார்த்திருந்தா சொல்லமாட்டாங்களா?”

என் பாட்டுக்கு அதுவரை யாரும் அப்படி ஒரு வேலை கொடுத்ததில்லை. சொந்தச் சங்கதியைச் சந்தையில் பாடக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஊரைச் சொல்லி, ஆளின் பேரை மட்டும் விட்டுக் கட்டினேன்.

‘காது மடல் கிழிஞ்சிருக்கும், கைவிரலும் வளைஞ்சிருக்கும்,
கண்டவங்க சொல்லுங்கம்மா, காத்திருக்கா வீட்டுக்காரி.
பாதிச்சேலை தறிமேலே, பாதிஉசிர் வழிமேலே,
போனவரு வருவாரோ, போக்குவழி அறிவாரோ.’

அந்தப் பாட்டு என்னைவிட வேகமாக ஓடியது. மற்ற பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், எனக்கும் சந்தோஷம்தான். நான் போகாத ஊருக்கும் பாட்டு போகுமே. நகரியில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார், ஓடினேன், அது வேறு ஆள். பாடி முடித்ததும் ஜனம் கேட்கும்: “அப்புறம் இன்னா ஆச்சு? வந்தானா, செத்தானா?” தெரியாது என்பேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் வீட்டு ஆள் காணாமல் போயிருந்தால் தெரியும்.

அக்கா வேறு பக்கம் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வந்து காவடி எடுத்தாள். சரவணப் பொய்கையில் குளித்து, ஈரப்புடவையோடு தோளில் காவடியுடன் படியேற வந்தவளின் காதில் அந்தப் பாட்டு விழுந்தது. மலையடியில் யாரோ ஒரு வெளியூர்க்காரன் டோலக்கைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தான். என் பாட்டுதான். ஆனால் முடிவு புதிது.

‘ரேணிகுண்டா கேட்டாண்ட ரயில்வண்டி மோதிடிச்சே,
போனவரு போயிட்டாரே, பொண்டாட்டி அழுதாளே.
தணிகை மலையடியான் தாளமிட்டுச் சொன்ன சிந்து.’

அக்கா காவடியை இறக்கவில்லை. மலையேறிச் செலுத்திவிட்டுத்தான் இறங்கினாள். இறங்கியவள் நேராகச் சத்திரத்துக்குப் பின்னால் இருந்த என் அறைக்கு வந்தாள். நெற்றியில் திருநீறு கூடக் காயவில்லை.

“தெரிஞ்சிகினே மறைச்சிட்டியேடா. ஊருக்கெல்லாம் பாடத் தெரிஞ்சிது, கூடப் பொறந்தவகிட்ட வந்து சொல்ல வாய் வரல.”

“இன்னாக்கா சொல்ற? நான் இன்னா மறைச்சேன்?”

அவள் அந்த அடிகளை அப்படியே பாடிக்காட்டினாள். எங்கள் வீட்டில் குரல் அவளுக்குத்தான். தொழில் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். யார் பாடினாலும் என் ஊர் வரும், முடிவு நான் கட்டினதில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. எழுந்து போய்விட்டாள்.

அதற்குள் சேதி அம்மையார்குப்பத்துக்குப் போய்விட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அக்காவின் மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். கருமாதிக்கு நாள் குறிக்க வேண்டும், வளையலை உடைத்துப் பொட்டை அழிக்க வேண்டும் என்று பங்காளிகள் கூடிவிட்டார்கள். அக்கா, “என் தம்பி போய் விசாரிச்சிட்டு வந்து அவன் வாயால சொல்லட்டும், ஒடைச்சிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாளாம்.

ஆக, அவள் கைவளையல் என் நாக்கில் தொங்கியது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் நான்தான் என்று என்னை நானே திட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த டோலக்குக்காரனை அரக்கோணத்தில் பிடித்தேன். “எனக்கு இன்னாபா தெரியும்? புத்தூர்ல ஒரு அம்மா ஆர்மோனியம் வெச்சிகினு பாடிச்சு. அப்படியே எடுத்துக்கினேன்” என்றான். முடிவில்லாத பாட்டுக்கு ஒரு முடிவு கிடைத்தது அவனுக்கு லாபம். அவனை அறையக் கை வந்தது. அறைந்து என்ன, நானும் எத்தனை வீட்டுச் சாவை அப்படி எடுத்துக்கொண்டவன்?

புத்தூர் பிளாட்பாரத்தில் அந்த அம்மா இருந்தார். நடுவயது. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். நான் யார், எந்த ஊர், பாட்டில் வரும் வீட்டுக்காரி என் அக்கா என்று சொன்னதும் ஆர்மோனியத்தை மூடிவிட்டார்.

“நீங்களா அந்தத் தணிகைக்காரரு? ஒரு நாளு வருவீங்கன்னு தெரியும் நைனா.”

“அவரு ரயில்ல அடிபட்டதை நீங்க பார்த்தீங்களா?”

“இல்ல.”

“பார்த்தவங்க யாராவது சொன்னாங்களா?”

“அவரேதான் சொன்னாரு.”

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஒரு நாள் இதே பிளாட்பாரத்தில் அந்த அம்மா என் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, துண்டைக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிய ஒருவர் தூணுக்குப் பக்கத்தில் நின்று முழுக்கக் கேட்டாராம். கொஞ்சம் தள்ளி ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. கூட்டம் கலைந்ததும் துண்டுக்காரர் கிட்டே வந்திருக்கிறார்.

“‘இந்தப் பாட்டு எங்க போனாலும் எனக்கு முன்னாடி போய் நிக்குதும்மா. அவன் ரயில்ல விழுந்து செத்தான்னு முடிச்சிடுங்க’ன்னாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு. கும்பிட்ட கையில சுண்டுவெரலு வளைஞ்சி இருந்திச்சு.”

“தெரிஞ்சுமா அப்படிப் பாடினீங்க?”

“அவரு திரும்பி வர்ற ஆளா எனக்குத் தோணல. உங்கக்கா வாசலையே பார்த்துகினு ஒக்காந்திருக்கறதுக்கு, ஒரு தடவ அழுது முடிச்சிட்டுப் போவட்டும்னு நெனச்சேன். தப்புன்னா மன்னிச்சிக்கோங்க.”

நல்ல மனசோடு செய்திருக்கிறார். அதனால்தான் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. முழுக் கோபமும் பாவாவின்மேல் திரும்பியது. காணாமல் போனவனைத் தேடி நான் பாடியது, ஒளிந்துகொண்டவனை விரட்டியிருக்கிறது. என் அக்கா ஈரப்புடவையோடு காவடி சுமந்த அன்று, அந்த ஆள் எங்கோ ஒரு தூளியை ஆட்டிக்கொண்டிருந்திருப்பார்.

திரும்பி வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன். செத்துவிட்டார் என்றால் அவளை மூளியாக்கி மூலையில் உட்கார வைப்பார்கள். கல்யாணம் காட்சி என்று யாரும் முன்னால் விடமாட்டார்கள். இருக்கிறார் என்றால் வாழாவெட்டி. எதைச் சொன்னாலும் அடி அவளுக்குத்தான், அந்த ஆளுக்கு ஒரு கீறல் கிடையாது. எதுவும் தெரியவில்லை, யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்றும் பார்த்தேன். அப்படிச் சொன்னால் மறுபடியும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். மறைச்சிட்டியேடா என்று அவள் கேட்டதும் காதிலேயே இருந்தது. ரயிலில் யாரோ ஒருவர் என்னை அடையாளம் கண்டு, அந்த ரயில்சாவுப் பாட்டைப் பாடு என்றார். தொண்டை சரியில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மையார்குப்பத்துக்குப் போனபோது அக்கா ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் அந்தப் பாதிச் சேலை அப்படியே இருந்தது, தூசி படாமல் ஒரு வேட்டியைப் போர்த்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தவில்லை.

“சொல்லு.”

எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, தூண், அந்தப் பெண், குழந்தை, கும்பிட்ட கை. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் ராட்டினம் நின்றது.

“ஆம்பளையா பொம்பளையா?”

“யாரு?”

“கொழந்த.”

கேட்க மறந்துவிட்டேன் என்றேன். தலையை ஆட்டினாள். தாழ்வாரத்திலிருந்து மாமியார், “இன்னா சொல்றான் உன் தம்பி?” என்று கேட்டார். அக்கா குரலை உயர்த்தி, “உம் புள்ள நல்லா கீறாராம் அத்தே. பாட்டு பொய்யாம்” என்றாள். அந்த அம்மாள் மலை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டு, சந்தோஷத்தில் அழ ஆரம்பித்தார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே எழுந்து, தறிமேல் இருந்த வேட்டியை எடுத்து உதறி மடித்து வைத்தாள்.

“நான் இனிமே அந்தப் பாட்டைப் பாடமாட்டேன்கா. எவனாவது பாடினா வாயைக் கிழிக்கிறேன்.”

“இன்னாத்துக்கு? பாடு. ரயில்ல செத்தான்னே பாடு. அவரு கேட்டது அதானே, அதை அவருக்குக் குடுத்துடு.” தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, அறுந்திருந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட ஆரம்பித்தாள். வளையல் சத்தம் கேட்டது. “ஆனா, பொண்டாட்டி அழுதாள்னு வருதே, அதை மட்டும் எடுத்துடு. நான் அழல. அவரு எங்கனா நின்னு கேப்பாரு இல்ல, கேக்கட்டும்.”

அப்படித்தான் இன்றுவரை பாடுகிறேன். அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு கஞ்சிராவை மட்டும் தட்டுவேன். பொண்டாட்டி என்ன ஆனாள் என்று யாராவது கேட்பார்கள். மீதிச் சேலையை நெய்கிறாள் என்று சொல்லிவிட்டு, தூண் ஓரமாக நிற்பவர்களின் கைகளைப் பார்ப்பேன்.