நாற்பத்தாறு கிலோ ஆள்

பழவேற்காடு மீன் சந்தையில் கோமளாவிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்டு யாரும் முழுசாகத் திரும்பியதில்லை. வாயாலேயே விரட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் அன்று ஆஸ்பத்திரியில் கைகட்டி நின்றாள்.

கணவன் முத்துவுக்கு டிபி. மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் கண்ணெல்லாம் மஞ்சளாகி, தின்றதெல்லாம் வாந்தியானது. கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா எடை பார்த்தார். நாற்பத்தாறு. முதல் நாள் எடையோ ஐம்பது.

"மாத்திரை சாப்பிட்டா எடை ஏறணுமே, எப்படிக் குறைஞ்சது?"

முத்து தரையைப் பார்த்தபடி சொன்னான். "வலைக்குக் கட்டுற ஈயக் குண்டை இடுப்புல சொருவிக்கினு அன்னிக்கு எடை மெஷின்ல ஏறுனேம்மா."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஐம்பது கிலோ ஆளுக்குத் தினமும் நாலு மாத்திரை, அதற்குக் கீழே மூன்றுதான். இல்லாத எடைக்கும் சேர்த்து விழுங்கினால் ஈரல் எப்படித் தாங்கும் என்று சத்தம் போட்டார். மஞ்சள் இறங்கும்வரை மாத்திரையை நிறுத்தினார்.

"அறிவு இருக்குதாய்யா உனக்கு? செத்துப்பூட்டிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?" கோமளா தலையிலடித்துக்கொண்டாள்.

"தனசேகர் அண்ணன்தான், எடை பாத்துக்கினு வா, அம்பது இல்லாட்டி உன் பாட்டை வேற ஆளுக்கு வுட்டுருன்னாரு."

ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் இறால் வலை போடுவது என்று ஊர் வைத்திருக்கும் முறைதான் பாடு. முத்துவுக்கு அது அப்பன் வழி வந்த உரிமை. மார்பளவு தண்ணீரில் நின்று வலைக்குக் கழி ஊன்ற வேண்டும். முத்து இருக்கும் வலைக்குழுவுக்குத் தனசேகர்தான் தலைவர். "இவன் கழி ஊன்றினா கழி இவனை ஊன்றிடும்" என்று டீக்கடையில் அவர் சொன்னதற்கு ஊரே சிரித்திருக்கிறது. வாய்க்கு வந்ததைச் சொல்ல இவர்களுக்கு என்ன, நோவு இவர்கள் வீட்டிலா? இத்தனை வருஷம் இவர்களோடு வலை இழுத்து ஓடாய்த் தேய்ந்த உடம்பு அது. தேய்ந்த பிறகு ஆளே வேண்டாமாம்!

வீட்டுக்குப் போனதும் முத்துவைப் படுக்க வைத்துவிட்டு, கோமளா நேரே ஏரிக்கரைக்குப் போனாள். பாடு பேச ஆண்கள் கூடியிருந்தார்கள். பெண்கள் போகிற இடமில்லை அது. போனாள். நடந்ததைச் சொன்னாள்.

தனசேகர் முகம் கறுத்தது. "குண்டு கட்டிக்கினு ஏறுன்னு நாங்களா சொன்னோம்?"

"சொல்லல மாமா. அம்பது கிலோ இல்லாட்டி எடம் இல்லன்னு சொன்னீங்க. வேற இன்னா பண்ணுவாரு?"

அவள் விடவில்லை.

"ஒடம்பு எளைச்சவனுக்கு மாத்திரையில ஒண்ணுதான் கொறையும்னாங்க டாக்டரம்மா. எளைச்சவன்னு ஆளையே கழிக்கிறீங்களே, இது இன்னா நாயம்? கழி ஊன்ற முடியலன்னா படகுல குந்திக்கினு இறால் பிரிக்கட்டும். அந்த வேலைக்குமா அம்பது கிலோ வேணும்?"

தனசேகர் இறங்கிவந்தார். "எழுந்து நடக்கட்டும், வரச் சொல்லு. படகுல குந்தட்டும்" என்றார்.

"வருவாரு. நாப்பத்தாறு கிலோவாத்தான் வருவாரு" என்றாள் கோமளா.