ஜெர்பில்களுக்குக் கொண்டுபோன மணல்

ஜெர்பில்கள் மணலில் புரண்டுதான் உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளும் என்று படித்த அன்று, திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கடற்கரை. எவ்வளவு மணல்! சட்டென்று இறங்கி டிபன் டப்பாவை நிரப்பிக்கொண்டேன்.

எம்.எஸ்சி. முடித்த கையோடு ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை. வெள்ளை எலிகளைப் பார்க்க நாலு பேர். பின்பக்க அறையில் ஜெர்பில்களோடு நான் மட்டும். சுண்டெலியைவிடச் சற்றுப் பெரியவை, வாலில் ரோமம் உள்ள பாலைவனப் பிராணிகள். எடையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் நோட்டில் எழுதுவேன், அறையில் ஒரு குரலாவது கேட்கட்டும் என்று.

அதுவரை ஒரு குட்டிகூடப் பால் மறக்கும்வரை பிழைத்ததில்லை. இந்த முறையும் தவறினால் அறையை எலிகளுக்குக் கொடுத்துவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். இப்போது ஐந்து குட்டிகள். பிறந்த மறுநாளே கூண்டில் மணல் வைத்தேன்.

நாலே நாளில் தாயின் ரோமம் ஈரமாய் ஒட்டிக்கொண்டது. மூக்கோரம் சிவந்தது. பத்தாம் நாள் குட்டிகளின் எடை அப்படியே நின்றது.

கூண்டு கழுவுகிற அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, புள்ள பெத்தவளுக்குத் தலைல எண்ணெ வச்சு உட்டியா? வழிஞ்சிகினு கீது."

"உடம்பு சரியில்லக்கா."

"நீ பேசிக்கினே இரு, அதுவே சொல்லும் இன்னா நோவுன்னு."

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மணலை மாற்றலாமென்று பேப்பரில் கொட்டினேன். பேப்பர் நனைந்தது. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். கரித்தது. உப்பு, கடல் காற்றின் ஈரத்தையெல்லாம் இழுத்து வைத்திருக்கிறது. அதில்தான் பத்து நாளாய் அவற்றைப் புரளவிட்டிருக்கிறேன். "இப்படிப் பண்ணிட்டேனே" என்று சொல்லி அழக்கூட அங்கே ஆள் இல்லை.

அன்று சாயங்காலமே அதே கடற்கரையில் எடுத்த புது மணலோடு வீட்டுக்குப் போனேன். போர் தண்ணீரும் உப்பு. மணலின் கரிப்புப் போக லாரித் தண்ணீரில்தான் கழுவ வேண்டும்.

"லாரி வந்து மூணு நாளாவுது. குடிக்கிற தண்ணில மண்ண கழுவப் போறியா?" என்றாள் அம்மா. "எலி குளிக்க, நாங்க நாறிக்கினு கெடக்கணுமா?"

"அதுங்க தண்ணில குளிக்காதும்மா."

"அப்ப தண்ணி எதுக்குடி?"

காலையில் நான் குளிக்க லாரித் தண்ணீர் ஒரு வாளி உண்டு. குளிக்காமல் அதில் மணலை அலசுவது, கரிப்பு போகும்வரை நாக்கில் வைத்துப் பார்ப்பது, பிறகு இரும்புச் சட்டியில் ஈரம் போக வறுப்பது என்று முடிவு செய்து, மணல் டப்பாவை அந்த வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன்.