பெரிய வாத்தியாருக்கு வந்த நீலக் கடிதங்கள்

போன வாரம் என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

பிடுங்கியவர் போலீஸ் இல்லை. டெனிஸ். ஹூஸ்டனிலிருந்து ஒரு மணி நேர டிரைவில் இருக்கும் ஒரு கல்லூரியின் ஆவணக் காப்பாளர். கறுப்பின மாணவர்களை மற்ற கல்லூரிகள் வாசலோடு திருப்பி அனுப்பிய காலத்தில், அவர்களுக்கென்றே எழுந்த கல்லூரி அது. அதன் பழைய பிரசிடென்ட் ஒருவரின் காகிதங்கள் எல்லாம் சாம்பல் நிற அட்டைப்பெட்டிகளில், குளிரூட்டப்பட்ட அறையில் தூங்குகின்றன. அந்த அறைக்குள் பேனா கூடாது. பென்சில் மட்டும். கை கழுவிவிட்டு வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஃபைல்தான். காபியா? அந்த வார்த்தையைச் சொன்னாலே டெனிஸின் புருவம் ஏறுகிறது.

பத்திரிகைக்குப் பத்தி எழுதும் நான், பேனா இல்லாமல் எதற்கு அங்கே போனேன்?

எல்லாம் வாட்ஸப்பால் வந்தது. நம் தமிழ்ச் சங்க குரூப்பில் ஒரு படம். மங்கிய நீல ஏர்மெயில் தாளில் நாலு வரி. ‘இந்த மொழி தெரிந்த யாராவது உதவ முடியுமா?’ என்று கல்லூரியிலிருந்து கேட்டிருந்தார்கள். குரூப்பில் தம்ஸ்-அப் மழை. வணக்கம் போடும் கைகள். ‘கிரேட் இனிஷியேட்டிவ்’ என்று மூன்று பேர். போகிறேன் என்று சொன்னவர்... ஒருவரும் இல்லை.

“நீ போயேன்,” என்றார் என் கணவர் ரகு. லே-ஆஃப் ஆகி இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறார். என் கால் ஓரிடத்தில் நிற்காமல் ஹாலுக்கும் கிச்சனுக்கும் அலைவதை இப்போது முழு நேரமும் பார்க்க நேர்ந்திருக்கிறது, பாவம். “போனா எனக்கும் கொஞ்சம் அமைதி கிடைக்கும்.”

போனேன்.

டெனிஸ் ஒரு ஃபைலைத் திறந்து முன்னால் வைத்தார். மேலே பென்சிலில், ‘மொழி தெரியவில்லை’. உள்ளே நீலம், நீலம், நீலம். கடலைத் தாண்டி வந்து கடலின் நிறத்திலேயே உலர்ந்துபோன தாள்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் கல்லூரியின் தாளில் டைப் அடித்த ஆங்கில மொழிபெயர்ப்பு. அதற்குப் பின்னால், பிரசிடென்ட் அனுப்பிய பதிலின் கார்பன் காப்பி.

“மொழிபெயர்ப்புதான் இருக்கிறதே?” என்றேன்.

“இருக்கிறது. எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருக்கிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது,” என்றார் டெனிஸ்.

முதல் கடிதத்தை எடுத்தேன். ‘கனம் பெரிய வாத்தியார் ஐயா அவர்களுக்கு, விருத்தாசலம் கனகம்மாள் அநேக கும்பிடு போட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் வீட்டுக்காரர், பசு, கன்று சகலரும் க்ஷேமம். அவ்விடம் தங்கள் க்ஷேமத்துக்கும் தங்கள் வீட்டார் க்ஷேமத்துக்கும் எழுத வேண்டியது. நிற்க.’

உங்களுக்குத் தெரியும். நம் ஊர்க் கடிதத்தில் ‘நிற்க’ வரை மரியாதை. விஷயம் அதற்குக் கீழேதான்.

‘என் மகன் தங்கராசு மூணு மாசமாகக் கடிதாசி போடவில்லை. கூப்பிட்டுக் கண்டிக்கவும். காதில் சீழ் வரும் பிள்ளை. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டச் சொல்லவும்.’

சிரிப்பை அடக்கினேன். பிள்ளை வேதியியல் பேராசிரியர். டாக்டர் பட்டம் வாங்கியவர். அதனால் என்ன? பையன் சரியில்லை என்றால் தலைமை ஆசிரியரிடம் சொல்வதுதானே முறை! தலைமை ஆசிரியர் டெக்சாஸில் இருந்தால் டெக்சாஸுக்கு எழுத வேண்டியதுதான்.

டைப் அடித்த மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். ‘மேன்மை தாங்கிய ஐயா, தங்கள் குடும்பத்தின் நலனுக்காகப் பிரார்த்திக்கிறேன். தங்கள் தலைமையில் கல்லூரி கலங்கரை விளக்கமாக ஒளிர்வதை என் மகன் வாயிலாக அறிந்து மகிழ்கிறேன்.’

காதும் இல்லை. சீழும் இல்லை. அதற்கு பிரசிடென்டின் பதில்: ‘அன்புள்ள அம்மையீர், என் தலைமையைப் பற்றிய தங்கள் சொற்களுக்கு மிக்க நன்றி.’

கனகம்மாள் சும்மா இருப்பாரா? உள்ளூர்க் கணக்கு வாத்தியாரிடம் கொடுத்துப் பதிலைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த நீலத் தாள் சொல்கிறது: ‘நிற்க. நான் உங்களைப் புகழ்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் புகழவில்லை. வேறு யாருடைய தாயாருக்கோ போட வேண்டிய கடிதாசியை எனக்குப் போட்டுவிட்டீர்களா?’

இதன் மொழிபெயர்ப்பு? மறுபடியும் கலங்கரை விளக்கம்!

என்னால் முடியவில்லை. அந்த மௌன அறையில் விழுந்து விழுந்து சிரித்தேன். டெனிஸிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு நான் சட்டென்று நிறுத்தினேன், என்னைப் பார்த்து அவரும். ஏனென்றால் நான் அடுத்த தாளைப் பிரித்திருந்தேன்.

‘நிற்க. என் வீட்டுக்காரருக்கு முடியவில்லை. டாக்டர் கைவிரித்துவிட்டார். பிள்ளைக்கு எழுதினேன். வர முடியாது என்கிறான். பெரிய வாத்தியார் சொன்னால் கேட்பான். ஒரே ஒரு தடவை அனுப்பிவைக்கவும்.’

மொழிபெயர்ப்பில் அதே பிரார்த்தனை. அதே மகிழ்ச்சி. அதே விளக்கு.

அடியில் மொழிபெயர்த்தவர் கையெழுத்து: தங்கராஜ். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் தங்கராஜ் அங்கிள்! எண்பத்தைந்து வயதிலும் சங்கத்தின் ஒவ்வொரு விருந்திலும் மைக்கைப் பிடித்து, ‘எங்க அம்மாவும் எங்க பிரசிடென்டும் பேனா நண்பர்கள்’ என்று கதை சொல்வாரே, அவர். இந்தக் காகிதங்களைப் பொதுமக்களுக்குத் திறக்கும் விழா இந்த சனிக்கிழமை. அந்த பிரசிடென்டின் காலத்து ஆசிரியர்களில் அழைத்தால் வரக்கூடியவர் என்று அவர்களுக்குக் கிடைத்தவர் அங்கிள் ஒருவர்தான். முக்கியப் பேச்சாளரும் அவரே. டெனிஸுக்கு என் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். சனிக்கிழமை முதல் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் அங்கிளைப் பிடித்தேன். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், உங்க அம்மா பேரு கனகம்மாளா?”

“ஆமா. ஏம்மா, அதையும் பத்திரிகைல போட்டு மானத்த வாங்கப்போறியா?”

“அவங்க லெட்டரெல்லாம் பத்திரமா இருக்கு அங்கிள். காலேஜ்லயே. நீங்க டைப் பண்ண டிரான்ஸ்லேஷனோட.”

கையிலிருந்த வெண்டைக்காய் ஒடியவில்லை.

“அதையுமா வெச்சிருக்காரு அந்த மனுஷன்?”

கடைக்கு வெளியே என் காரில் உட்கார்ந்தோம். அவர் மடியில் வெண்டைக்காய்ப் பை.

“நான் பொய் எழுதலம்மா. ‘நிற்க’ வரைக்கும் இருந்தத எழுதினேன். கொஞ்சம் இழுத்து எழுதினேன்.”

“கலங்கரை விளக்கம் வரைக்கும் இழுத்துட்டீங்க.”

“கிண்டல் பண்ணாத. எனக்கு அப்போ கிரீன் கார்டு பெண்டிங். நடுவுல ஊருக்குப் போனா திரும்ப உள்ள விடுவானோ மாட்டானோ. அம்மா கூப்பிடறாங்கன்னு தெரிஞ்சா, இவன் தங்க மாட்டான்னு காலேஜ்லயும் கான்ட்ராக்ட்ட ரினியூ பண்ண மாட்டாங்களோன்னு பயம். வேற எந்தக் காலேஜும் எனக்கு பதில்கூடப் போடல. இவரு ஒருத்தர்தான் ‘வாப்பா’ன்னாரு. அவருகிட்டயே இப்படி...” நிறுத்தினார். “நீ அந்தக் காலேஜ் அம்மாகிட்ட, லெட்டர்ல கையெழுத்து புரியலன்னு சொல்லிடேன். முத்து முத்தாதான் இருக்கும், தெரியும். இருந்தாலும் சொல்லிடு. நான் போற வரைக்குமாவது அவரு முன்னாடி யோக்கியனா இருந்துட்டுப் போறேன்.”

இறந்து பல காலமான ஒருவர் முன்னால் யோக்கியனாக இருக்க ஆசைப்படும் மனிதர்.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. நாம் மட்டும் என்ன வாழ்கிறது? ஞாயிறுதோறும் ஊருக்கு போன். ‘எல்லாரும் நல்லா இருக்கோம்.’ எச்1பி விசா நீட்டிப்பு, முதுகு வலி, டீனேஜ் மகள் சாத்தும் கதவு... எதுவும் அந்த வரியைத் தாண்டிப் போகாது. ரகுவுக்கு வேலை போனதை நான் அம்மாவிடம் சொன்னேனா? ஜெர்சி சிட்டியிலிருந்து சான் ஹோசே வரை லட்சணமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். பிள்ளைகள் டாக்டரிடம் நம்மை மொழிபெயர்க்கிறார்கள். நாம் அமெரிக்காவை ஊருக்கு மொழிபெயர்க்கிறோம். எல்லோருமே ‘நிற்க’ வரைக்கும்தான்.

புதன்கிழமை மறுபடியும் போனேன். மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல், டெனிஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அங்கிள் இருக்கும்வரை இந்த ஃபைலை மூடிவைக்க வழி உண்டா?

டெனிஸ் எழுந்துபோய் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“நீங்கள் சொல்லும்வரை இந்தப் பக்கம் எங்கே சேர்ந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. ‘பயணங்கள்’ என்ற ஃபைலில் கிடந்தது. இதிலும் கனகம்மாள் என்று ஒரு பெயர் இருக்கிறது.”

ஒரு டாக்டரின் லெட்டர்பேட். அந்த நாளில் பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த இலங்கைத் தமிழர். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ‘ஐயா, நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் படித்தேன். இதில் தங்கள் தலைமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைத் தெரிவிக்க வருந்துகிறேன். அந்த அம்மாளின் கணவர் சாகக் கிடக்கிறார். மகனை ஒரு தடவை அனுப்பிவைக்கச் சொல்கிறார்.’

ஓரத்தில் பென்சிலில், பிரசிடென்டின் சாய்ந்த கையெழுத்து: ‘சந்தேகப்பட்டேன். மகன் தூரத்தில் இருக்கும்போது எந்தத் தாயும் என்னைப் பற்றி இவ்வளவு எழுத மாட்டாள்.’

அதற்கு அடியில் இரண்டு கார்பன் காப்பிகள். ஒன்று குடியேற்ற அலுவலகத்துக்கு: இவர் கல்லூரி வேலையாகப் போகிறார், இவர் திரும்பி வருவது எங்களுக்கு மிகவும் அவசியம். இன்னொன்று அங்கிளுக்கு: நூலகத்துக்குப் புத்தகம் தேர்வு செய்ய உடனே மெட்ராஸுக்குப் புறப்படவும்.

வியாழன் காலை அங்கிளை அழைத்துக்கொண்டு ஹைவேயில் ஏறினேன். ஒன்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் அவர் முகம் பரீட்சைக்குப் போகும் பையன் முகம்தான். வாசலில் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை டெனிஸ் வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தார். அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார்.

“பதினோரு புத்தகம்,” என்றார்.

“என்ன அங்கிள்?”

“லிஸ்ட்ல பதினோரு புத்தகம்தான்ம்மா இருந்துது. அதுக்கு ஆறு வாரம்! கெமிஸ்ட்ரிக்காரன போயி புக்கு வாங்கச் சொல்றாரேன்னு பிளேன்ல திட்டிக்கிட்டே போனேன். ஒம்போது நாள் அப்பா பக்கத்துல இருந்தேன். அப்புறம் போயிட்டாரு. ஏதோ என் அதிர்ஷ்டம், கரெக்டா அந்த நேரத்துல ஊர்ல இருந்தேன்னு...” கண்ணாடியைக் கழற்றினார். “அதிர்ஷ்டம்னு நெனச்சுக்கிட்டு இருந்துட்டேம்மா, இத்தன வருஷமும்.”

டெனிஸ் டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார். காகிதத்தில் படாமல், பத்திரமாக.

“தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலயே. திரும்பி வந்தப்போ ‘புத்தகம் நல்லா இருக்கா’ன்னுதான் கேட்டாரு.”

ஃபைலை மூடிவைக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அங்கிளே கை நீட்டினார். “ஒரு பென்சில் கொடுங்க. அம்மா லெட்டர நான்தான் டிரான்ஸ்லேட் பண்ணணும். உன்னுது நல்லாதான் இருக்கும்மா. ஆனா இது என் பாக்கி.”

கடைசிக் கடிதத்தில் தொடங்கினார். ‘நிற்க’வுக்குக் கீழே, முதல் தடவையாக. ‘பிள்ளையைக் கண்ணில் காட்டினீர்கள். அவன் அப்பா நிம்மதியாகப் போனார். நீங்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே. உங்கள் தாயாருக்கு ஒழுங்காகக் கடிதாசி போடுகிறீர்களா?’

அதற்கான பதில், கார்பன் காப்பியில் ஒரே வரி: ‘அம்மையீர், ஞாயிறுதோறும் தவறாமல் போடுகிறேன்.’

அங்கிள் பென்சிலை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

“பொய்யி! பிரசிடென்டோட அம்மா இதே ஊர்லதான் இருந்தாங்க. ஞாயித்துக்கிழமைன்னா சர்ச்ல அவரு பக்கத்துலதான் உக்காருவாங்க. எங்கேர்ந்து லெட்டரு?”

நான் டெனிஸுக்கு மொழிபெயர்த்தேன். முழுதாக. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை ஆராய்ச்சியாளர் முறைத்தார்.

மணி பத்தரைகூட ஆகவில்லை. அங்கிளைப் பென்சிலோடு விட்டுவிட்டு வெளியே வந்தேன். பேனாவைத் திரும்ப வாங்கினேன். ஊரில் அம்மா சாப்பிட்டு முடித்திருக்கும் நேரம். போன் போட்டேன்.

“எல்லாரும் நல்லா இருக்கோம்மா,” என்றேன். மூச்சை இழுத்துக்கொண்டேன். “அப்புறம்... ரகுவுக்கு வேலை போயிடுச்சும்மா. ரெண்டு மாசம் ஆச்சு.”

“தெரியும்டி,” என்றாள் அம்மா. “மாப்பிள்ளை அன்னிக்கே சொல்லிட்டாரு.”