தாழ்ப்பாளுக்கு உள்ளே பிச்சைக்கனி

“எங்கையால தொறக்க முடியாத கதவும் வளைக்க முடியாத கம்பியும் இந்தத் திருவனந்தபுரத்துல இன்னும் செய்யல, கேட்டியா. எவன் கையவும் எதிர்பாத்து நிக்கிற ஆளு நான் இல்ல.”

தம்பானூர் டீக்கடையில் கண்ணாடி டம்ளரை மேஜையில் ஓங்கி வைத்து இவ்வாறு பிரகடனம் செய்தவர் பிச்சைக்கனி. நாங்குநேரிப் பக்கத்துக்காரர், இருபத்தொரு வருடங்களாக இந்நகரின் அடுக்குமாடிகளுக்குக் கம்பி கட்டுகிறவர். கேட்கும் பேறு பெற்றவன், அறையில் கூடத் தங்கியிருக்கும் மார்த்தாண்டத்து யோசுவா. அவனும் கம்பி கட்டுகிறவன்தான்; மணிக்கட்டு வலியால் வேலைக்குப் போகாமல், டாக்டர் கொடுத்த பட்டையை அதில் கட்டியிருந்தான். வளையல் போட்டாயிற்று, பூவும் வைத்துக்கொள்ளலாமே என்று பிச்சைக்கனி அன்போடு ஆலோசனையும் சொன்னார்.

கம்பி கட்டுவது எளிய வேலை. கட்டுக்கம்பியைக் குறுக்கே சுற்றி, கொக்கியை மாட்டி, மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை. இருபதாம் வருடத்தில் வலதுகையின் பெருவிரலும் அடுத்த இரண்டும் மரக்கத் தொடங்கின. முதலில் உதறினால் உயிர் வந்தது. பிறகு உதறல் மட்டும் மிஞ்சியது. இடதுகையைக் கேட்கவே வேண்டாம். மூன்று வருடம் முன் சாரத்திலிருந்து விழுந்தபோது தரையில் ஊன்றிய கை அது. மணிக்கட்டு கோணலாகவே கூடிவிட்டது.

ஒருநாள் யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போனார். வாளி தூக்குவது, சுத்தியலை இறுக்குவது, பேனா பிடிப்பது, சாவி திருப்புவது என்று கைக்குப் பல பிடிகள் உண்டென்றும், மணிக்கட்டில் நரம்பு நசுங்கியதால் கடைசி இரண்டும் போய்க்கொண்டிருக்கின்றன என்றும் டாக்டர் சொன்னார். பட்டை கட்டி ஓய்வு, தீராவிட்டால் ஆபரேஷன், இழுத்தடித்தால் பிடி திரும்பாது. பேனாவோடு தமக்குப் பழக்கமே இல்லையென்று பிச்சைக்கனி ஆறுதலடைந்தார். பட்டை பெட்டி திறக்காமல் தலையணைக்கடியில் போனது.

நேற்றுக் காலை ஆறே காலுக்குக் குளியலறைக்குள் போனார். கான்கிரீட் போடும் நாள். ஏழு மணி வேனில் அவர் இல்லையென்றால் மேஸ்திரி புது ஆளைத் தலைமைக்கு வைத்துவிடுவார். ஒரு மாதமாக அவர் கொக்கியை நழுவவிடுவதை மேஸ்திரி எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

அந்தத் தாழ்ப்பாளின் குமிழ் உடைந்து, பட்டாணி அளவு முனை மட்டும் மிச்சம். அடைக்க உள்ளங்கையால் தள்ளினால் போதும். திறக்கத்தான் இரண்டு விரலால் கிள்ளி இழுக்க வேண்டும். வலதுகை கிள்ளியது, கிள்ளியது கைக்கே தெரியவில்லை. இடதுகை அந்தக் கோணத்துக்கு வர மறுத்தது. சோப்பை உரசினார். துண்டைச் சுற்றினார். பல்லால் முயன்றதை இந்த வரலாறு விரிவாகப் பதிவு செய்யாது. இரும்பை வளைத்த மனிதரைத் துருப்பிடித்த ஒரு முனை பிடித்து வைத்துக்கொண்டது.

ஆறே முக்கால் ஆனது. கூப்பிட வேண்டிய ஆள் வெளியில்தான் இருந்தான். வாளியைத் தட்டினார், இருமினார், குழாயைத் திறந்து மூடினார்.

கடைசியில் வெளியிலிருந்தே குரல் வந்தது. “அண்ணாச்சி, உள்ள என்ன ஜெபக்கூட்டமா?”

உள்ளே வாளி மறுபடியும் ஒருமுறை தட்டுப்பட்டது.

“கதவு தொறக்கலியா?”

“கை தொறக்கல,” என்றார் பிச்சைக்கனி.

யோசுவாவுக்கு அருமையான சந்தர்ப்பம். வளையல், பூ எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவன் போய்க் கட்டுக்கம்பியில் ஒரு வளையம் முறுக்கிக் கதவின் அடியிடுக்கில் நீட்டினான். “முனையில மாட்டி, சின்ன விரலு ரெண்டையும் கொக்கி மாதிரி மடக்கி இழுங்கோ. வாளி தூக்குத மாதிரி. அதுக்குப் பெருவிரலு வேண்டாம்.”

தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு வந்தது.

தெருவில் வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது. பிச்சைக்கனி ஈரத்தலையோடு அறைக்குள் போய், தலையணைக்கடியிலிருந்து பெட்டியை எடுத்தார். மூடியைக் கிள்ளத்தான் வேண்டியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியை யோசுவாவின் பக்கம் நகர்த்தினார்.

“மேஸ்திரிட்ட போன்ல சொல்லிரு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

மூன்றாவது ஹாரன் அடித்து வேன் போய்விட்டது. பிச்சைக்கனி வலதுகையை நீட்டி வைத்துக்கொண்டு, யோசுவா பட்டையைப் பிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.